பட்டம் சுவரில், பதவி எங்கே?

மீலாது விழா மேடைகளிலே ஆண்டுதோறும் ஒரு காட்சியைக் காண்கிறோம். தேர்விலே உயர்ந்த மதிப்பெண் பெற்ற பெண்மக்களின் பெயர்கள் ஒலிபெருக்கியில் முழங்குகின்றன. ஒவ்வொருத்தியாக மேடையேறிக் கேடயமும் புத்தகமும் பெற்று இறங்குகிறாள். அவையோர் ‘மாஷா அல்லாஹ்’ என்று மகிழ்கின்றனர். அடுத்துப் பேச எழும் பெரியவர், நம் சமுதாயப் பெண்கள் முன்னேறிவிட்டார்கள் என்று முழங்கிவிட்டு அமர்கிறார். சீரணி வழங்கப்படுகிறது. கூட்டம் கலைகிறது.

கோவை வட்டாரத்திலே அத்தகைய மேடைகள் பலவற்றிற்குப் பரிசளிக்க என்னையும் அழைத்திருக்கிறார்கள். கல்லூரி ஒன்றில் நெடுங்காலம் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதியில்லை. ஓய்வுக்குப் பின் ஒருநாள், பழைய அழைப்பிதழ்களையும் பரிசுப் பட்டியல்களையும் அடுக்கி வைத்துக்கொண்டு, அவற்றிலே நானறிந்த பெயர்களுக்கெதிரே அவரவர் இன்று இருக்கும் நிலையைக் குறிக்கத் தொடங்கினேன். இளங்கலை முடித்தோர் பலர். முதுகலை முடித்தோரும் கணிசமானவர். ஆய்வுப் பட்டம் பெற்றோர் மிகச் சிலர். கல்லூரியிலே நிரந்தரப் பணியில் அமர்ந்தோரை எண்ண ஒரு கையின் விரல்களே போதுமாயிருந்தன. துறைத் தலைவி என்றோ முதல்வர் என்றோ எழுத ஒரு பெயரும் எனக்கு அகப்படவில்லை.

முன்னேறிவிட்டார்கள் என்று முழங்கினோமே, முன்னேறிய பெண்கள் எங்கே போனார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்கவே இதனை எழுதுகிறேன். கசக்கும், பொறுத்தருள்க.

வாசல்வரை வந்தவர்கள்

பெண்கள் கல்லூரிக்கே வருவதில்லை என்று அழுத காலம் போய்விட்டது. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டிலே உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நூற்றுக்கு 47. நாட்டின் சராசரியோ 28தான். இந்த 47இலே தமிழ்நாட்டுப் பெண்கள் ஆண்களுக்குச் சற்றும் பின்தங்கவில்லை. இது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தியே.

ஆனால் நம் சமுதாயத்தின் கணக்கு அங்கே நிற்பதில்லை. 2006ஆம் ஆண்டில் வெளிவந்த சச்சார் குழுவின் அறிக்கையை மேடைதோறும் எடுத்துக்காட்டுகிறோம். அதிலே ஒரு வரியை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறோம். நாட்டின் முன்னணிக் கல்லூரிகளிலே இளங்கலை மாணவரில் 25 பேருக்கு ஒருவர் முஸ்லிம் என்றும், முதுகலையிலே 50 பேருக்கு ஒருவர்தான் என்றும் அக்குழு கண்டது. ஒரு படி ஏறுவதற்குள் பாதிப்பேர் உதிர்ந்துவிடுகின்றனர் என்பதே அதன் பொருள். ஆண் பெண் இருபாலாரையும் சேர்த்த கணக்கு அது. பெண்களை மட்டும் பிரித்துப் பார்த்தால், படி உயர உயர நிலைமை எப்படியிருக்கும் என்பதற்கு என் வீட்டுப் பரிசுப் பட்டியலே சாட்சி.

கோவை மண் காட்டிய வழி

இந்நகருக்குப் பெண்கல்வி புதிதன்று. 1948இலே நிர்மலா மகளிர் கல்லூரி தோன்றியது. 1957இலே அவினாசிலிங்கம் செட்டியார் மனையியல் கல்லூரியைத் தொடங்கினார். 1963இலே கிருஷ்ணம்மாள் மகளிர் கல்லூரி எழுந்தது. 1970இலே ஈரோட்டிலே வேளாளர் மகளிர் கல்லூரி பிறந்தது. 1982இலே பாரதியார் பல்கலைக்கழகமே இங்கு வந்துவிட்டது. பெண்களைப் படிக்க வைக்கவும் பணியமர்த்தவும் இத்தனை வாய்ப்புகள் குவிந்த நகரங்கள் தமிழகத்திலே அதிகமில்லை.

அதற்கும் முன்னரே ஒரு பெண் இவ்வூரில் ஆய்வு செய்தார். தலச்சேரியில் 1897இல் பிறந்த ஜானகி அம்மாள், சென்னையிலே படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இலே முனைவர் பட்டம் பெற்று, 1934 முதல் 1939 வரை கோவைக் கரும்பு ஆய்வு நிலையத்திலே பணியாற்றினார். கரும்பையும் அதன் உறவுப் புல்லினங்களையும் கலந்து ஒட்டினங்களை உருவாக்கினார். மணமாகாத பெண், பின்தங்கியதென்று தள்ளப்பட்ட குலத்தினர் என்ற இரண்டு காரணங்களால் உடன் பணியாற்றிய ஆண்களிடையே அவர் பட்ட துன்பத்தை அவருடைய வாழ்க்கையை ஆய்ந்தோர் எழுதியிருக்கின்றனர். பின்னர் இங்கிலாந்து சென்றார். 1945இலே டார்லிங்டனுடன் இணைந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம்களைத் தொகுத்துரைக்கும் பெருநூலை வெளியிட்டார். பண்டித நேரு அழைக்க, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கத் தாயகம் திரும்பினார். 1977இலே பத்மஸ்ரீ பெற்றார். ஒரு பெண்ணின் உழைப்புக்கு இடந்தராத சூழலால் கோவைக்கு எத்துணை இழப்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மறுபுறம் ராஜம்மாள் தேவதாஸைப் பாருங்கள். செங்கத்திலே 1919இல் பிறந்த கிறிஸ்தவப் பெண். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்திலே சத்துணவியலில் ஆய்வுப் பட்டம் பெற்றார். அவினாசிலிங்கம் கல்லூரியின் முதல்வரானார். 1988இலே அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தபோது துணைவேந்தரானார். 1992இலே பத்மஸ்ரீ பெற்றார். அவரிடம் அறிவு இருந்தது. அவ்வறிவை நம்பிப் பொறுப்பை ஒப்படைக்க ஒரு நிறுவனமும் இருந்தது. ஜானகி அம்மாள் இவ்வூரை விட்டுப் போனார். ராஜம்மாள் இவ்வூரிலே ஒரு பல்கலைக்கழகத்தை வளர்த்தார். இரண்டும் ஒரே நகரின் வரலாறு. நம் பெண்மக்களுக்கு இவ்விரண்டில் எதை நாம் வழங்கப்போகிறோம்?

மார்க்கத்தின் பெயரால் ஒரு சாக்கு

“படிக்கட்டும், வேலைக்குப் போவது நம் மார்க்கத்திற்கு ஆகாது” என்று சொல்லும் கனவான்கள் இன்றும் உள்ளனர். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அன்னை ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் வாயிலாக 2,210 நபிமொழிகள் நமக்குக் கிடைத்திருக்கின்றனவே, அவற்றை அவர்கள் வீட்டுக்குள்ளே தமக்குத்தாமே சொல்லிக்கொண்டிருந்தார்களா? ஸஹாபாக்களும் அவர்களுக்குப் பின் வந்தோரும் ஐயம் தீர்க்க அவர்களைத் தேடி வந்தார்கள் அல்லவா? கி.பி. 11ஆம் நூற்றாண்டிலே மக்காவில் ஸஹீஹுல் புகாரியைப் பாடம் சொன்ன பேராசிரியை கரீமா அல் மர்வஸிய்யா. பாக்தாதின் பேரறிஞர் கதீப் அவர்கள் அந்த அம்மையாரிடம் அமர்ந்து பாடம் கேட்டார். கற்பதோடு நில்லாமல் கற்பிக்கும் ஆசனத்திலும் பெண்ணை அமர்த்திய சமுதாயம் இது.

நம் நாட்டிலும் பாருங்கள். 1920இலே அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் பிறந்தபோது அதன் முதல் வேந்தராக அமர்ந்தவர் போபால் அரசி சுல்தான் ஜஹான் பேகம். தொடக்கமே பெண்ணின் தலைமையிலே! ஆயினும் அங்கே துணைவேந்தர் நாற்காலியில் ஒரு பெண் அமர 2024ஆம் ஆண்டு வரை, 104 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டுதான் பேராசிரியை நயிமா காத்தூன் அப்பதவிக்கு வந்தார். நூற்றாண்டுக் காலம் அவ்வாசலை அடைத்து நின்றது மார்க்கமா? மனிதர்களா?

இன்னொன்றும் நினைவூட்டுகிறேன். 1989இலே உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான பாத்திமா பீவி அவர்கள் 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டின் ஆளுநராக இருந்தார். ஆளுநர் என்ற முறையிலே பாரதியார் பல்கலைக்கழகத்தின் வேந்தரும் அவரே. அவர் காலத்திலே இங்கு வழங்கப்பட்ட பட்டச் சான்றுகள் ஒரு முஸ்லிம் பெண்மணி வேந்தராயிருக்க வழங்கப்பட்டவை. அதே ஆண்டுகளில்தான், 1997 நவம்பரிலும் 1998 பிப்ரவரியிலும் கோவை கண்ட பெருந்துயரங்களுக்குப் பின், உக்கடத்திலும் கோட்டைமேட்டிலும் கரும்புக்கடையிலும் எத்தனையோ பெண்பிள்ளைகள் படிப்பை நிறுத்திக்கொண்டு வீட்டிலே அமர்ந்தார்கள். அன்றைய பெற்றோரின் அச்சத்தை நான் ஒருபோதும் இகழமாட்டேன். இரண்டு பேருந்து மாறிப் போகும் மகள் மாலையிலே வீடு திரும்பும்வரை வாசலிலே நின்ற அத்தாமார்களை என் கண்ணால் கண்டவள் நான். அந்த அச்சத்திற்குக் காரணமிருந்தது. ஆனால் கால் நூற்றாண்டு கடந்த பின்னும் அதே காரணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தால், அதற்குப் பெயர் அச்சமன்று, பழக்கம்.

என் குற்றம்

பிறரை மட்டும் சாடுவது நேர்மையாகாது. இக்குற்றத்திலே எனக்கும் பங்குண்டு.

பழைய இரும்பு வியாபாரி ஒருவரின் மகள் என்னிடம் முதுகலை படித்தாள். ஆய்வுக்கூடத்திலே அவள் கை தவறி ஒரு துளி சிந்தி நான் கண்டதில்லை. தேசியத் தகுதித் தேர்விலே வென்று, ஆய்வு செய்வதற்கான உதவித்தொகைக்கும் தகுதி பெற்றாள். அந்த நேரத்திலே நல்ல இடத்துச் சம்பந்தம் வந்தது. அவளுடைய அத்தா என் வீடு தேடி வந்து, “டீச்சரம்மா, நீங்க சொல்றதுதான் எங்களுக்கு முடிவு. என்ன செய்யட்டும்?” என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன்? “நிக்காஹ் முடியட்டும். படிப்பு எங்கே போய்விடும்? பிறகு தொடரலாம்” என்றேன். நடைமுறை அறிந்தவள் பேசும் பேச்சென்று எனக்கே ஒரு நிறைவு. இரு வீட்டாரும் மகிழ்ந்தனர். அவள் மட்டும் ஒன்றும் பேசாமல் தேநீர்க் குவளைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பிறகு என்பது வரவேயில்லை. உதவித்தொகையை ஏற்க வேண்டிய கெடு கடந்தது. ஆண்டுகள் பல சென்றபின், நாத்தனார் மகளைக் கல்லூரியில் சேர்ப்பதற்காக அவள் வந்திருந்தாள். நலம் விசாரித்து விடைபெறும்போது, “மேடம், என் லேப் நோட்டை இன்னும் பத்திரமாத்தான் வைச்சிருக்கேன்” என்றாள். பழிக்கும் தொனி சிறிதுமில்லை. அதுவே என்னைச் சுட்டது. அவளுடைய கணவர் கொடியவரல்லர், மாமியாரும் நல்லவர். யாரும் அவளைத் தடுக்கவில்லை. யாரும் அவளுக்கு வழிவிடவுமில்லை.

இருபத்திரண்டு வயது முதல் முப்பது வயது வரைதான் ஆய்வுப் பட்டத்திற்கும் பணி தேடுவதற்கும் உரிய காலம். அதே எட்டாண்டுகளில்தான் நிக்காஹ், மகப்பேறு, புகுந்த வீட்டுப் பொறுப்பு யாவும் அவள் தலையிலே இறங்குகின்றன. ஆணுக்கும் அதே வயதில்தான் மணமாகிறது. “கல்யாணம் முடியட்டும், தொழிலைப் பிறகு பார்க்கலாம்” என்று எந்த மாப்பிள்ளையிடமாவது யாரேனும் சொன்னதுண்டா?

கல்லூரிகளின் கணக்கு

வீடு மட்டுமே குற்றவாளி என்று நிர்வாகிகள் நிம்மதி கொள்ள வேண்டாம். நான் பணிக்குச் சென்ற முதல் நேர்முகத் தேர்விலே என் ஆய்வைப் பற்றி ஒரு கேள்வியும், என் குடும்பத்தைப் பற்றி நான்கு கேள்விகளும் கேட்கப்பட்டன. எத்தனை குழந்தைகள் பெறும் எண்ணம் என்பது அவற்றுள் ஒன்று. பிற்காலத்திலே துறைத் தலைமை எனக்கு வரவேண்டிய முறை வந்தபோது, மாலைநேரக் கூட்டங்களுக்கு அவர்களால் வர இயலாது என்று சொல்லி என் இளையவருக்கு அதை வழங்கினார்கள். இயலுமா என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. என் பொருட்டு இன்னொருவர் இரங்கி, என் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டார்! கொடுமையைக்கூட எதிர்த்து நிற்கலாம். இத்தகைய இரக்கத்தை எதிர்த்து நிற்பதுதான் கடினம்.

இன்றைய நிலையோ வேறு வகையிலே கொடிது. பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் மாதம் 57,700 ரூபாய். சுயநிதி வகுப்புகளிலும் தற்காலிகப் பணிகளிலும் ஆய்வுப் பட்டத்தோடு உழைக்கும் நம் பெண்கள் வாங்கும் தொகையை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பலருக்கு அதிலே பாதியும் கிட்டுவதில்லை. “பெண்ணுக்குச் சம்பளமா முக்கியம்? கௌரவமான வேலை, வீட்டுக்குப் பக்கம்” என்று நாமே சொல்லிச் சொல்லி அவர்களை மலிவாக்கிவிட்டோம். குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும் இடத்திலே எந்த நிர்வாகம் நிரந்தரப் பணி தரும்?

நம்மவர் நடத்தும் கல்லூரிகளும் இதற்கு விலக்கல்ல. 1951இலே திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியையும், 1955இலே சென்னையில் பெண்களுக்கென்றே ஒரு கல்லூரியையும் எழுப்பிய பெரியோரின் தொலைநோக்கை வாழ்த்துகிறேன். நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்கள் சென்னையில் செய்ததைப் போன்று கொங்குச் சீமையிலே நாம் என்ன செய்தோம் என்ற கேள்வி ஒருபுறமிருக்கட்டும். நம்மவர் கல்லூரிகளின் ஆட்சிக் குழுப் பட்டியல்களை எடுத்து, அவற்றிலே பெண்களின் பெயர்களை எண்ணிப் பாருங்கள். எண்ணுவதற்கு அதிக நேரம் பிடிக்காது.

சட்டம் தந்ததும் நாம் தராததும்

ஏட்டிலே உரிமைகள் இல்லாமலில்லை. 1989 முதல் தமிழக அரசுப் பணிகளிலே பெண்களுக்கு நூற்றுக்கு 30 இடங்கள் ஒதுக்கப்பட்டன. பின்னர் அது 40 ஆக உயர்த்தப்பட்டது. 2007 முதல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடும் உண்டு. ஆய்வு மாணவியருக்கு முனைவர் பட்டத்தை முடிக்க இரண்டாண்டு கூடுதல் அவகாசமும், மகப்பேறு, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றிற்காக 240 நாள் வரை விடுப்பும் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளிலே எழுதப்பட்டிருக்கின்றன. என் மாணவிக்கு அன்று இவ்விதி இருந்திருந்தால் ஒருவேளை வழி பிறந்திருக்கும். இன்று விதி இருக்கிறது. நம் வீடுகளிலே எத்தனை பேர் இதனை அறிவார்கள்? இடஒதுக்கீடு வாசலைத் திறக்கும். வாசலில் வந்து நிற்கத் தகுதி பெற்ற பெண்களை அரசா உருவாக்கித் தரும்?

அரசின் கதவுகளும் என்றும் திறந்திருப்பவை அல்ல. சிறுபான்மையினரின் ஆய்வு மாணவர்களுக்காக 2009இலே தொடங்கப்பட்ட மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை, 2022-23 முதல் நிறுத்தப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்தது. அதிலே நூற்றுக்கு 30 பங்கு பெண்களுக்கு உரியதாயிருந்தது. அதைக் கண்டித்துத் தீர்மானங்கள் போட்டோம். போடத்தான் வேண்டும். ஆனால் தீர்மானம் போட்ட ஜமாஅத்துகளிலே எத்தனை, “அரசு நிறுத்தினால் என்ன, நம் மஹல்லாவின் ஒரு பெண்ணை நாங்கள் ஆய்வு செய்ய வைக்கிறோம்” என்று எழுந்தன?

செய்யத் தக்கவை

“அவள் சம்பாதித்துத்தான் நம் வீட்டு அடுப்பு எரிய வேண்டுமா?” என்பார்கள். அன்று. எரிய வேண்டியது அடுப்பு மட்டுமா? அல்லாஹ் ஒருத்திக்கு அளித்த அறிவு எரியாமல் கரியாவதற்கு நாம் பொறுப்பாளிகளல்லவா? “பிள்ளைகளை யார் பார்ப்பது?” என்பார்கள். நியாயமான கேள்வி. அதனை மகளிடம் மட்டும் கேட்காதீர்கள். மருமகனிடமும் மகனிடமும் கேளுங்கள். எல்லாப் பெண்களும் கல்லூரிக்குப் பணிக்குப் போக வேண்டுமென்று நான் சொல்லவில்லை. இல்லத்தை ஆளும் பெண் எவருக்கும் தாழ்ந்தவளல்லள். ஆனால் இல்லத்தை அவள் தேர்ந்துகொள்வது வேறு. வேறு வழியின்றி அங்கே நின்றுவிடுவது வேறு.

மூன்று செயல்களை ஜமாஅத்துகளின் முன் வைக்கிறேன். முதலாவது, நிக்காஹ் பேசும்போதே படிப்பும் பணியும் தொடரும் என்பதை நிபந்தனையாக்கி, மஹரை எழுதும் அதே தஃப்தரிலே எழுதிக் கையொப்பம் பெறுங்கள். மணவொப்பந்தத்திலே நியாயமான நிபந்தனை வைக்கும் உரிமையை மார்க்கம் பெண்ணுக்கு அளித்திருக்கிறது. சீர்வரிசைக்குப் பட்டியல் போடத் தெரிந்த நமக்கு இதற்கு மட்டுமா பேனா எழுதாது? இரண்டாவது, பைத்துல்மால் வைத்திருக்கும் ஒவ்வொரு ஜமாஅத்தும் ஆண்டுக்கு ஓர் ஆய்வு மாணவியின் செலவை ஏற்கட்டும். பள்ளப்பட்டியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் உடுமலையிலிருந்தும் கோவைக்கு வந்து படிக்கும் பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தை ஒட்டிப் பாதுகாப்பான விடுதியொன்றை வசதி படைத்த வணிகர்கள் கூடி அமைக்கட்டும். மூன்றாவது, நம்மவர் நடத்தும் கல்லூரிகள் ஆட்சிக் குழுவிலே பெண்களை அமர்த்தட்டும். குழந்தைக் காப்பகம் வைக்கட்டும். துறைத் தலைமையை முறைப்படி வழங்கட்டும். இயலுமா என்ற கேள்வியை அந்தப் பெண்ணிடமே கேட்கட்டும்.

இவை ஒன்றும் விண்ணிலிருந்து இறங்க வேண்டியவை அல்ல. ஒரு பேனா, ஒரு பங்குப் பணம், கொஞ்சம் நாணயம், இவ்வளவே வேண்டும்.

அடுத்த மீலாது மேடைக்கும் என்னை அழைத்திருக்கிறார்கள். வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. பரிசு பெறும் பெண்களின் பெயர்களை வாசிப்பதற்கு முன், பத்தாண்டுகளுக்கு முன் அதே மேடையிலே பரிசு பெற்றவர்களின் பெயர்களையும், அவர்கள் இன்று என்ன செய்கிறார்கள் என்பதையும் வாசிக்க வேண்டும். விழாக் குழுவினர் இன்னும் பதில் எழுதவில்லை. எழுதினாலும் எழுதாவிட்டாலும் நான் போகத்தான் போகிறேன். பட்டியல் என் கைப்பையில் இருக்கிறது. அதன் முதல் பெயர், இன்னும் லேப் நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கும் அந்தப் பெண்ணின் பெயர்.